தச்சன் உளிக்கும் சுங்க வரி உண்டா?

மும்பை சஹார் விமான நிலையம். விடியற்காலை மூன்று மணி. வளைகுடாவிலிருந்து வந்த விமானத்தின் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சுற்றுகின்றன. போர்வைக் கட்டு, பால் பவுடர் டின், பேரீச்சம்பழப் பொட்டலம், பிள்ளைகளுக்கு வாங்கிய சைக்கிள். இவற்றுக்கு நடுவே நைலான் கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிய ஓர் அட்டைப் பெட்டி வருகிறது. அளவில் சிறியது. ஆனால் தூக்குகிறவர் இரண்டு கைகளையும் கொடுத்துத்தான் தூக்க முடிகிறது.

சுங்க இலாகாவின் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அந்தப் பெட்டி போகும்போது திரையில் துணி வெளிறித் தெரியும். இரும்பு கறுத்துத் தெரியும். பெட்டி முழுவதும் கறுப்பு. "க்யா ஹை இஸ்மே?" என்று கேட்கிறார் அதிகாரி. "அவ்ஜார் ஹை, சாப்" என்கிறார் தொழிலாளி. கருவிகள்தாம் என்று சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கருவிகளுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்பது அவருக்குத் தெரியாது. கயிறு அறுக்கப்படுகிறது.

உள்ளே இருப்பவை துளையிடும் இயந்திரம் ஒன்று, வட்ட ரம்பம் ஒன்று, அளவு வாரியாக உளிகள், இழைப்புளி, ரசமட்டம், மூலைமட்டம். பத்து ஆண்டு உழைப்பில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. ஊருக்குப் போய்ச் சொந்தமாகப் பட்டறை போட வேண்டும் என்பதே அவர் திட்டம். பெட்டியில் இருப்பது அந்தப் பட்டறைதான்.

இந்தப் பெட்டிக்கு வரி உண்டா, இல்லையா? உண்டென்றால் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு நேரான பதில் தெரிந்தவர் நம்மவர்களில் மிகச் சிலரே. தங்கத்துக்கு எத்தனை கிராம் என்று கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். தொழில் கருவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பம்பாய் வழியாகப் போனவர்கள்

வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகிய 1970-களிலும் 1980-களிலும் அங்கு வேலைக்குப் போனவர்களில் மிகப் பலர் பம்பாய் வழியாகத்தான் போனார்கள். ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் இங்கே இருந்தார்கள். விமானமும் இங்கிருந்து கிடைத்தது. திருநெல்வேலி, ராமநாதபுரம், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஊர்க்காரர் வீட்டில் வாரக்கணக்கில் தங்கி, விசா வந்த அன்று இரவு புறப்பட்டுப் போவார்கள். திரும்பி வரும்போதும் அதே வழிதான். சஹாரில் இறங்கி, சுங்கத்தைத் தாண்டி, தாதரில் ரயில் ஏறினால்தான் ஊர்.

அந்தக் காலத்தில் திரும்பி வந்தவர் கையில் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர் இருக்கும். உள்நாட்டில் அப்பொருள் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விலை அதிகம். பிரயாணிகள் கொண்டுவரும் பல சாமான்களுக்கு, பொருளின் விலையைவிட வரி அதிகமாக இருந்த காலம் அது. விமான நிலையத்தைத் தாண்டி வந்துவிட்ட டேப் ரிக்கார்டருக்கு மனிஷ் மார்க்கெட் பக்கம் உடனே ஆள் கிடைப்பான். ஆகவே சுங்க அதிகாரியின் பார்வையில் ஒவ்வொரு பிரயாணியும் ஒரு சில்லறை வியாபாரி. பிரயாணியின் பார்வையில் ஒவ்வோர் அதிகாரியும் வழிமறிக்கிறவர். இந்தப் பரஸ்பர சந்தேகம் அந்தத் தலைமுறையோடு தொலையவில்லை. டேப் ரிக்கார்டர் போய் வெகுநாளாயிற்று. சந்தேகம் மட்டும் இருக்கிறது.

கருவிப் பெட்டிமேல் அதிகாரிக்குச் சந்தேகம் வர வேறு காரணமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. துளையிடும் இயந்திரத்தின் மோட்டாருக்குள், மிக்சியின் அடிப்பாகத்தில், டிராலிச் சக்கரத்தின் அச்சில் என்று தங்கத்தை ஒளித்துக் கொண்டுவந்து பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். 2024 ஜூலையில் தங்கத்தின் மீதான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கடத்தலின் லாபத்தைக் குறைப்பது இப்படிப்பட்ட குறைப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆனாலும் மோட்டார் உள்ள எந்தச் சாமானையும் கழற்றிப் பார்க்கும் வழக்கம் இன்னும் உண்டு. யாரோ ஒருவன் ஒளித்த தங்கத்துக்காக யோக்கியமான தச்சர் பெட்டியை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நாலு தொழிலாளிகள்

நம் நாட்டின் சுங்கச் சட்டம் 1962-ஆம் ஆண்டுச் சட்டம். பிரயாணி கொண்டுவரும் சாமான்களைப் பற்றி அதில் 77-வது பிரிவு முதல் 81-வது பிரிவு வரை சொல்லப்பட்டிருக்கிறது. எவ்வளவு சாமானுக்கு வரி விலக்கு என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அதற்கென்று சர்க்கார் அவ்வப்போது விதிகள் வெளியிடுகிறது.

இவற்றில் 1998-ஆம் ஆண்டு விதிகளைத் தொழிலாளிகள் நினைவில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்புகிறவர் கொண்டுவரும் 'தொழில் சாதனம்' என்று ஒரு தனி இனம் அந்த விதிகளில் இருந்தது. தொழில் சாதனம் என்றால் என்ன? தச்சர், குழாய் வேலை செய்கிறவர், வெல்டர், கொத்தனார், இவர்களைப் போன்றவர்கள் தத்தம் தொழிலுக்குப் பயன்படுத்தும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய சாதனங்கள் என்று விளக்கமும் இருந்தது. கேமரா, டேப் ரிக்கார்டர், டைப்ரைட்டர், கம்ப்யூட்டர் முதலியவை எல்லாரும் உபயோகிப்பவை. அவை தொழில் சாதனம் ஆகா என்றும் அதே விளக்கம் கூறியது.

டில்லியில் சட்டம் எழுதுகிறவர்கள் டாக்டரையும் என்ஜினீயரையும் விட்டுவிட்டு, தச்சரையும் கொத்தனாரையும் பெயர் சொல்லி எழுதுவது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. அந்த விதிகள் நீங்குகிற காலத்தில், மூன்று மாதம் வெளிநாட்டில் இருந்து திரும்பிய இந்தியருக்கு ரூ.20 ஆயிரம் வரை, ஆறு மாதம் இருந்தவருக்கு ரூ.40 ஆயிரம் வரை தொழில் சாதனங்களுக்கு வரி விலக்கு இருந்தது. மற்றச் சாமான்களுக்கு உள்ள பொதுச் சலுகை தனி. தொகை பெரிதல்ல. ஆனாலும் எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி, 'நான் தச்சன். இது என் உளி. விதியில் என் பெயர் இருக்கிறது' என்று சொல்ல முடிந்தது.

2016 ஏப்ரல் 1-ந் தேதி புது விதிகள் வந்தன. விதிகளை எளிமையாக்குவது நோக்கம். பொதுச் சலுகை ரூ.50 ஆயிரமாக உயர்ந்தது. வெளிநாட்டில் தொழில் செய்து திரும்புகிறவருக்கும், குடிபெயர்ந்து வருகிறவருக்கும் சேர்த்து ஒரே அட்டவணை போடப்பட்டது. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை இருந்த இந்தியருக்கு ரூ.60 ஆயிரம், ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை என்றால் ஒரு லட்சம், முந்தைய இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டாவது இருந்தவருக்கு இரண்டு லட்சம், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் இருந்து நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு ஐந்து லட்சம். கடைசி இரண்டுக்கும் நிபந்தனைகள் இருந்தன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டில் இதே சலுகையை வாங்கியிருக்கக் கூடாது என்பது அவற்றில் முக்கியமானது.

தொகை பல மடங்கு ஏறியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அட்டவணையில் உள்ள சொற்கள் 'சொந்த உபயோகப் பொருள்களும் வீட்டுப் பொருள்களும்' என்பவை. 'தொழில் சாதனம்' என்ற சொல் காணாமல் போயிற்று. தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார் ஆகிய நால்வரும் விதிப் புத்தகத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

இதனால் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். வெல்டிங் இயந்திரம் வீட்டுப் பொருளா? மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் வீட்டுப் பொருள் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. வட்ட ரம்பம்? கிரைண்டிங் மிஷின்? குழாயில் மரை வெட்டும் டை செட்? தாராள மனம் படைத்த அதிகாரி, தொழில் செய்து திரும்புகிறவரின் சொந்தச் சாமான் இது என்று விட்டுவிடுவார். எழுத்தெண்ணிப் படிக்கும் அதிகாரி விடமாட்டார். உரிமையாக இருந்தது ஒருவருடைய தாராளத்தைப் பொறுத்ததாக மாறியது.

சொந்த உபயோகப் பொருளுக்கு விதிகள் தரும் விளக்கமும் இங்கே கவனிக்கத்தக்கது. அன்றாட வாழ்க்கைத் தேவைக்கு வேண்டியவையே சொந்த உபயோகப் பொருள். நகை அதில் சேராது. முடிதிருத்துகிறவர் தமக்குச் சவரம் செய்துகொள்ளும் கத்தி சொந்த உபயோகப் பொருள். கடைக்கு வருகிறவர்களுக்குச் சவரம் செய்யும் கத்தி அப்படியல்ல என்று வாதிக்க இடமிருக்கிறது! சுங்கச் சட்டத்தின் 79-வது பிரிவு, பிரயாணி தம் உபயோகத்தில் வைத்திருந்த பொருள்களையும் குறிப்பிடுகிறது. ஆகவே உளியின் கைப்பிடியில் ஏறியிருக்கும் கறுப்பும், கரண்டியின் தேய்ந்த முனையும் வெறும் அழுக்கல்ல, சாட்சிகள். ஊருக்குப் போகிறோமே என்று கருவிகளைப் புதிதுபோல் துடைத்துப் பளபளப்பாக்கி, புது டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

மடிக்கணினிக்கு ஒரு நியாயம்

ஓர் ஒப்பீடு செய்து பார்க்கலாம். 2004 முதல், பதினெட்டு வயது நிரம்பிய பிரயாணி ஒரு மடிக்கணினியை வரியின்றிக் கொண்டுவரலாம். அது லட்ச ரூபாய் பெறுமானதாக இருந்தாலும் சரி, பொதுச் சலுகைக் கணக்கில் சேராது. ஆபீசில் வேலை பார்க்கிறவருக்கு மடிக்கணினிதான் தொழில் கருவி. அது இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை என்று உணர்ந்து தனி ஆணை போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் துளையிடும் இயந்திரம் இல்லாமல் எலக்ட்ரீசியனுக்குப் பிழைப்பு உண்டா? இருபதாயிரம் ரூபாய் இயந்திரத்துக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டும். லட்ச ரூபாய்க் கணினிக்கு மற்றவர் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கோடியில் பெரிய மனிதர்களின் ஏற்பாடு ஒன்றும் உண்டு. 'ஏ.டி.ஏ. கார்னே' என்று ஒரு புத்தகம். படப்பிடிப்புக்குப் போகும் சினிமாக் குழு, பொருட்காட்சிக்குப் போகும் கம்பெனி முதலியவை தங்கள் சாதனங்களை ஒரு நாட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர, அந்தப் புத்தகத்தின் தாள்களில் முத்திரை வாங்கினால் போதும்; வரி கட்ட வேண்டியதில்லை. தொழில் சாதனங்களைத் தற்காலிகமாகக் கொண்டுசெல்ல 1961-லேயே பிரஸ்ஸெல்ஸில் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. 1990-ல் இஸ்தான்புல் உடன்படிக்கை வந்தது. இந்தியாவில் இந்தப் புத்தகத்தைக் கொடுப்பது ஃபிக்கி என்ற வர்த்தகச் சம்மேளனம். ஜாமீன் கட்டி, பட்டியல் எழுதி வாங்க வேண்டும். சிங்கப்பூர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போகும் நாதஸ்வரக்காரரின் உறைக்குள் அந்தப் புத்தகத்தை எதிர்பார்க்க முடியாது. மஸ்கட்டுக்குப் போகும் கொத்தனாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

போகும்போதே ஒரு காகிதம்

கொத்தனாருக்கு உள்ள காகிதம் வேறு. அதை எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட் என்று சொல்வார்கள். ஏற்றுமதிச் சான்று என்று பெயரே தவிர, பெரிய வியாபாரிகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. விலையுயர்ந்த பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்கிற எந்தப் பிரயாணியும், போகும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி, இன்ன பொருள், இன்ன கம்பெனி, இன்ன எண் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது அந்தக் காகிதத்தைக் காட்டினால், அது இங்கிருந்து போன பொருள்தான் என்பதில் வாதத்துக்கு இடமில்லை, வரியும் இல்லை.

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று. பெட்டியை விமானக் கம்பெனியின் கவுண்டரில் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு போய்ச் சான்று கேட்பார்கள். பொருளைப் பார்க்காமல் எந்த அதிகாரியும் எழுதித் தர மாட்டார். பெட்டியை ஒப்படைக்கும் முன்பே காட்ட வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாக வர வேண்டியிருக்கும்.

கருவிகளின் பட்டியலை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வருவது நல்லது. உளிக்கும் சுத்தியலுக்கும் எண் இல்லை. அவற்றை 'உளி 6, சுத்தியல் 2' என்று மொத்தமாகப் போட்டால் போதும். இயந்திரங்களுக்கு எண் பொறித்திருக்கும். அந்தத் தகடு தேய்ந்துபோய் எண் தெரியாமல் இருந்தால், வாங்கிய ரசீதும் புகைப்படமும் கைகொடுக்கும்.

நாக்தேவி தெருவில் வாங்கிய துளையிடும் இயந்திரத்தின்மேல் ஜெர்மன் கம்பெனியின் பெயரோ ஜப்பான் கம்பெனியின் பெயரோ இருக்கும். இங்கே வாங்கி, அங்கே கொண்டுபோய், இரண்டு ஆண்டு உபயோகித்து, திருப்பிக் கொண்டுவரும்போது, அது மும்பையில் வாங்கியது என்பதை எப்படி நிரூபிப்பது? கடை ரசீதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். 'நம்ம ஊரிலே வாங்கினதுதான்' என்று ஆயிரம் சத்தியம் செய்தாலும் அரைத்தாள் ரசீதுக்கு ஈடாகாது.

விமானத்தில் கருவிகளைக் கைப்பையில் வைக்க அனுமதிக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததே. பேட்டரியில் ஓடும் இயந்திரமாக இருந்தால் மட்டும் ஒரு சங்கடம். உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். இயந்திரம் ஒரு பையிலும் பேட்டரி ஒரு பையிலுமாகப் பிரிந்து வரும். பட்டியலில் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டால் குழப்பமில்லை.

போகிற இடத்தில் தொல்லை குறைவு. வளைகுடா ஒத்துழைப்புக் கவுன்சில் நாடுகள் ஆறும் 2003-ல் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டபோது பொது வரியை 5 சதவீதமாக வைத்தன. பிரயாணியின் சொந்த உபயோகப் பொருளுக்கும் பழைய வீட்டுச் சாமானுக்கும் அவை விலக்குத் தருகின்றன.

பச்சை வழி, சிவப்பு வழி

சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது இரண்டு வழிகள். வரி கட்ட வேண்டிய பொருள் எதுவும் இல்லை என்கிறவர் பச்சை வழியில் போகலாம். இருக்கிறது என்கிறவரும், இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறவரும் சிவப்பு வழியில் போக வேண்டும்.

"அண்ணாச்சி, நாலு உளிக்கு எவன் கேக்கப் போறான்? பேசாம பச்சையிலயே போயிருவோம்" என்று இளையவர் சொல்வதும், "போயிரலாம்டே. கேட்டான்னா என்ன பதில் சொல்லுவே?" என்று மூத்தவர் திருப்பிக் கேட்பதும் கூட்டாகத் திரும்புகிறவர்களிடையே சகஜம். மூத்தவர் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

பச்சை வழியில் காலை வைப்பதே, 'என்னிடம் வரிக்குரிய பொருள் இல்லை' என்று சொல்வதற்குச் சமம். அதன்பின் பெட்டியில் வரிக்குரிய பொருள் அகப்பட்டால் அது மறைத்த பொருளாகிவிடும். 111-வது பிரிவின்படி பறிமுதல் செய்யலாம். 112-வது பிரிவின்படி அபராதமும் போடலாம். அதே பொருளைச் சிவப்பு வழியில் கொண்டுபோய்க் காட்டியிருந்தால், மிஞ்சிப் போனால் வரியோடு முடிந்திருக்கும். சிவப்பு வழியில் போவது குற்றத்தை ஒப்புக்கொள்வது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. அங்கே போய்ப் பட்டியலைக் காட்டி, சலுகைக்குள் அடங்குகிறது என்று ஏற்கச் செய்து, ஒரு பைசா கட்டாமல் வெளியே வரவும் முடியும்.

வரி எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. சலுகைக்கு மேற்பட்ட சாமானுக்கு 35 சதவீத வரியும், 2018 முதல் அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 38.5 சதவீதம் ஆயிற்று. ரூ.50 ஆயிரம் சலுகை இருந்த நாளில் ஒருவர் ரூ.80 ஆயிரம் பெறுமான சாமான்களைக் கொண்டுவந்தார் என்றால், எஞ்சிய 30 ஆயிரத்துக்கு ரூ.11,550 வரி. இது சராசரித் தொழிலாளி வீட்டுக்கு அனுப்பும் மாதப் பணத்தில் பெரும் பகுதி.

கணவன் மனைவி இருவர் சலுகையையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் கேட்க 2016 விதிகள் இடம் தரவில்லை. ஒருவர் சலுகை ஒருவருக்குத்தான். கூட வந்த நண்பர்களிடம் ஆளுக்கொரு இயந்திரமாகப் பிரித்துக் கொடுத்துக் கொண்டுவரச் சொல்வதும் ஆபத்தே. கேட்டால் நண்பர், 'இது என்னுடையதல்ல' என்று உண்மையைச் சொல்லிவிடுவார்!

தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை. பொதுச் சலுகை 2014 ஜூலையில் ரூ.35 ஆயிரத்திலிருந்து ரூ.45 ஆயிரமாயிற்று, 2016-ல் ரூ.50 ஆயிரம், அதன்பின் விலைவாசி ஏறியும் பத்தாண்டு அசையவில்லை. 2026 பிப்ரவரி 2-ந் தேதி முதல் புது விதிகள் நடைமுறைக்கு வந்து, இந்தியாவில் வசிப்பவருக்கும் இந்திய வம்சாவளிப் பிரயாணிக்கும் ரூ.75 ஆயிரமாக உயர்ந்தது. நகைக்கு இருந்த விலை வரம்பும் நீங்கியது. முன்பு ஆணுக்கு 20 கிராம், ஆனால் ரூ.50 ஆயிரத்துக்கு மேல் போகக் கூடாது. பெண்ணுக்கு 40 கிராம், ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 2025-ல் தங்கம் கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியபின் 20 கிராம் என்பது ஐந்து கிராம்கூட இல்லை என்ற கேலிக்கூத்தாகிவிட்டது. இனி எடைதான் கணக்கு. நகைக்கு இந்த நியாயம் கிடைக்கப் பத்தாண்டு ஆயிற்று. கருவிப் பெட்டியோடு திரும்புகிறவர்கள், பழைய நண்பர் சொன்ன கணக்கை நம்பாமல், டிக்கெட் எடுக்கும்போதே சுங்க இலாகாவின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்து, தங்கள் கருவிகள் எந்த இனத்தில் சேரும் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைப் பிடித்து வைத்தால்

வரி கட்டச் சொல்கிறார்கள், கையில் பணமில்லை. என்ன செய்வது? பெட்டியை அங்கேயே விட்டு, அதற்கு ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பணத்தோடு திரும்பிப் போய் மீட்கலாம். ரசீதில் பொருள்களின் பெயர், எண்ணிக்கை, இயந்திர எண் எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் நகரக் கூடாது. 'கருவிகள், ஒரு பெட்டி' என்று எழுதியிருந்தால் பிறகு எதைக் கேட்பது? லீவில் வந்து மீண்டும் வெளிநாடு போகிறவர், மறைக்காமல் சொல்லியிருந்தால், வரி கட்டாமலே பெட்டியைச் சுங்கத்தில் விட்டு வைத்து, போகும்போது பெற்றுக்கொள்ளவும் 80-வது பிரிவில் இடமிருக்கிறது.

பறிமுதல் என்று பேச்சு வந்தால் 124-வது பிரிவு நினைவில் இருக்க வேண்டும். காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, நேரில் விசாரித்த பின்பே பறிமுதல் செய்யலாம். எழுத்து நோட்டீஸ் வேண்டாம், வாய்மொழியே போதும் என்று பிரயாணி சொன்னால் அப்படியும் செய்யலாம். இந்த இடத்தில்தான், நடு இரவில், தூக்கக் கலக்கத்தில், அச்சடித்த தாள் ஒன்று கையெழுத்துக்கு நீட்டப்படும். 'எனக்கு நோட்டீஸும் விசாரணையும் வேண்டாம்' என்பது அதன் சாரம். இப்படி முன்கூட்டியே அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவது 124-வது பிரிவுக்குப் பொருந்தாது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. படிக்கத் தெரியாத மொழியாக இருந்தால் தெரிந்தவரை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பிடித்து வைத்த ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வராவிட்டால், காலம் முறைப்படி நீட்டிக்கப்படாத பட்சத்தில், பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 110-வது பிரிவு. பறிமுதல் ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. உளியும் ரம்பமும் தடை செய்யப்பட்ட பொருள்கள் அல்ல. அப்படிப்பட்டவற்றை, அபராதத் தொகை கட்டி மீட்டுக்கொள்ளும் வாய்ப்பை அதிகாரி தந்தே ஆக வேண்டும்; இது 125-வது பிரிவு.

உத்தரவு சரியில்லை என்று தோன்றினால் அறுபது நாளைக்குள் மேல்முறையீட்டுக் கமிஷனரிடம் மனுச் செய்யலாம். மற்றச் சுங்க வழக்குகள் அதற்கு மேல் தீர்ப்பாயத்துக்குப் போகும். பிரயாணிச் சாமான் வழக்குகள் மட்டும் அங்கே போவதில்லை. மத்திய சர்க்காருக்கே மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை மனுப் போட வேண்டும். மனு எழுத வக்கீல் தேவை என்பதில்லை. ஆனால் ரசீது, பட்டியல், பாஸ்போர்ட்டில் போக வர விழுந்த முத்திரைகளின் நகல், வேலை கொடுத்த கம்பெனியின் கடிதம் ஆகியவை தேவை. கடைசியாகச் சொன்ன கடிதத்தை, இன்னார் எங்களிடம் இத்தனை ஆண்டு தச்சராக வேலை பார்த்தார் என்று, அங்கிருந்து புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்கு வந்தபின் கேட்டு எழுதினால் பதில் வருவது கஷ்டம்.